எழுந்திருக்க விடாத மெத்தை

என் தம்பி மேலவையில் நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டவன். அந்த அவைக்கு மக்கள் யாரையும் தேர்ந்தெடுத்ததில்லை. மேலிடத்தில் யாரோ கை காட்டுவார்கள்; வந்து உட்கார்ந்தவர் உயிர் போகும்வரை உட்கார்ந்திருப்பார். அதனால் ஆளுக்கொரு நாற்காலி, அவரவர் உடம்புக்கு அளவெடுத்துத் தைத்த மெத்தை. அதைத் தைப்பது இவன் வேலை. முப்பத்தோரு வருஷம் தைத்தான். முகத்தைக் காட்டினால் யாரென்று சொல்லத் திணறுவான், முதுகைக் காட்டினால் ஊர் பேர் எல்லாம் சொல்லிவிடுவான்.

போன வருஷம் ஒரு மசோதா வந்தது. இனி மேலவைக்கும் மக்களே ஓட்டுப் போட்டு ஆள் அனுப்புவார்கள், அதுவும் ஆறு வருஷத்துக்குத்தான், எல்லாருக்கும் ஒரே மாதிரி கம்பெனி நாற்காலி என்று. தம்பிக்குச் சோறு இறங்கவில்லை.

“ஆறு வருஷம் இருந்துட்டுப் போறவனுக்கு யாரு அளவெடுப்பாங்கக்கா? என்னை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க.”

“நல்ல சட்டம்தானேடா? நானும் ஓட்டுப் போடுவேன்ல?”

“உனக்கு ஓட்டு கிடைக்கும், எனக்கு வேலை போகும். நல்லா இருக்குக்கா உன் நியாயம்!”

அந்த அவையில் ஒரு வழக்கம். மணி அடிக்கும், மசோதா வேண்டாம் என்கிறவர்கள் அது ஓய்வதற்குள் எழுந்து நிற்க வேண்டும். உட்கார்ந்திருப்பவர் எல்லாம் சம்மதம். பெரியவர்கள் முக்கால்வாசிப் பேர் வேண்டாம் என்கிற கட்சிதான். நாள் முழுக்கப் பேச்சு நடக்குமே, அவர்களுக்கு முதுகு நோகக் கூடாதே என்று தம்பி உருகினான். முந்தின வாரமே எல்லா மெத்தையையும் பிரித்தான். பழைய கெட்டிப் பஞ்சை எறிந்துவிட்டு, தொட்டால் அமுங்கும் புதுப் பஞ்சை வைத்துத் தைத்தான்.

மணி அடித்தது. முன்வரிசைப் பெரியவர் கைப்பிடியைப் பிடித்து எம்பினார், மெத்தை விடவில்லை. பக்கத்திலிருந்தவர் பாதி எழுந்து மறுபடி உள்ளே போனார். பின்வரிசையில் குறட்டை. தம்பி ஓடிப்போய்த் தூக்கிவிட்டிருப்பான், ஆனால் மணி அடிக்கும்போது ஊழியர்கள் அவைக்குள் கால் வைக்கக் கூடாது. கதவோரம் நின்று கையைப் பிசைந்தான். மணி ஓய்ந்தபோது நின்றிருந்தவர்கள் பதினோரு பேர். சட்டம் நிறைவேறிவிட்டது.

“என் கையாலேயே எனக்குக் குழி வெட்டிக்கிட்டேன்க்கா” என்று வந்து நின்றான்.

நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

“சிரிக்காதக்கா!”

“சிரிக்கலடா. இருமல்.”

அடுத்த மாதமே வேலை போனது. நான் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அவனும் கூடவே வந்து போட்டான்.

புதிதாக வந்தவர்களுக்கு உட்காரவே நேரமில்லை. ஓட்டுப் போட்டவர்கள் பார்க்கிறார்கள் அல்லவா, எதற்கெடுத்தாலும் எழுந்து நிற்கிறார்கள், கத்துகிறார்கள், தொப்பென்று உட்காருகிறார்கள். நாலே மாதத்தில் கம்பெனி நாற்காலிகள் ஆட ஆரம்பித்தன. தம்பிக்கு ஆள் அனுப்பினார்கள். வாரத்தில் இரண்டு நாள் போய்த் திருகாணி முடுக்கிவிட்டு வருகிறான்.

அன்றைக்குத் தன் கையை நொந்துகொண்டவன், காலம் மாறியதால்தான் சட்டம் வந்தது என்று இப்போது சாதிக்கிறான். நான் விடுவதாக இல்லை. பஞ்சுதான்.