மோர் குடிக்கும் பாறை

பத்து வயதில் நான் ஒரு பத்திரிகைக்குத் துணை ஆசிரியர். சிரிக்க வேண்டாம், சத்தியமாக என் பெயரை அப்படித்தான் அச்சில் போட்டிருந்தார்கள். ஆசிரியர் எங்கள் சித்தி. பத்திரிகையின் பெயர் ‘செஞ்சிப் புரளி’. தானாக மணியடிக்கும் கோயில், பனமலை ஏரிக்குள் கேட்கும் மேளச் சத்தம் என்று காதில் விழுந்ததையெல்லாம் எழுதி, அப்பாவின், அதாவது எங்கள் நைனாவின், ஜெராக்ஸ் கடையில் பிரதி எடுத்து, கோணி ஊசியால் நடுவில் தைத்து விற்போம். “பேரே புரளி, வெளங்கிடும்” என்பார் நைனா. ஆனாலும் மெஷினைத் தருவார்.

எங்கள் கடைசிப் பக்கம் எப்போதும் காலியாக இருக்கும். மேலே மட்டும் ‘எங்க ஊர்ல இதை வேற மாதிரி சொல்லுவாங்க’ என்று ஒரு வரி. கதை தப்பு என்று நினைப்பவர்கள் தங்கள் கதையை அதில் எழுதிக் கொடுத்தால் அடுத்த இதழில் அப்படியே வரும். சித்தியின் ஏற்பாடு இது. வம்பை வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கிற வேலை என்று நைனா தலையில் அடித்துக்கொள்வார்.

ஒரு கோடையில் மோர் குடிக்கும் பாறையைப் போட்டோம். தொண்டூர் பக்கம் ஒரு கிராமத்தில் மழை பொய்த்தால் பாறை வெடிப்பில் குடம் குடமாக மோர் ஊற்றுவார்கள். எவ்வளவு ஊற்றினாலும் நிறையாது. பாறைக்குத் தாகம் தீர்ந்தால் மழை வரும். சித்தி ஊர்த்தெருவில் விசாரித்துவிட்டு, முதல் குடம் தொன்றுதொட்டு ஊர்த்தெருக்காரர்களுடையது என்று எழுதிவிட்டாள். ரோட்டுக்கு அந்தப் பக்கம் காலனி இருந்தது. பஸ் வந்துவிட்டதென்று அங்கே போகாமலே ஏறி வந்துவிட்டாள்.

இதழ் வந்த மறுநாள் கடை வாசலில் ஒரு மினி லாரி நின்றது. காலனி ஆட்கள் இறங்கினார்கள். முன்னால் நர்ஸ் வேலை பார்க்கும் ஓர் அக்கா, பத்திரிகையைத் தடி மாதிரி சுருட்டிப் பிடித்துக்கொண்டு வந்தார்.

“இன்னாங்க எழுதிக்கிறீங்க? அந்தப் பாறைக்கு மொதல்ல மோர் ஊத்துனதே எங்க தாத்தனோட ஆத்தா. எங்கள ஒரு வார்த்த கேட்டீங்களா?”

நைனாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. “இன்னியோட மூட்டயக் கட்டு. இனிமே மெஷின்ல கைய வச்சே, பாத்துக்க!” என்று சித்தியிடம் சீறினார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. பதவி போகிறதே!

சித்தி ஸ்டூலை இழுத்துப் போட்டாள். “கேக்காம வந்தது என் தப்புதான். உக்காருங்க. நீங்களே எழுதுங்க, ஒரு புள்ளி மாத்தாம போடறேன். கடசிப் பக்கத்துல இல்ல, மொதப் பக்கத்துல.”

“எங்க கத எங்களுக்குத் தெரியும். ஊர்த்தெருக்காரங்க படிக்கணும். அதுதான் வேணும்” என்றார் அக்கா.

“படிப்பாங்க. மாமா, இந்த ஒரு தடவ மெஷின் குடுங்க.”

நைனா முனகிக்கொண்டே நகர்ந்தார். அக்கா எழுத, வந்தவர்கள் சுற்றி நின்று சொன்னார்கள். அந்தப் பாட்டி மோரில் உப்புப் போட்டாளா இல்லையா என்பதில் மட்டும் அவர்களுக்குள் கொஞ்சம் கைகலப்பாகப் பார்த்தது. கடைசியில் போட்டாள் என்று முடிவானது.

அடேயப்பா, அந்த இதழ் பறந்த பறப்பு! காலனியில் வீட்டுக்கு வீடு வாங்கினார்கள். கோட்டை வாசலில் இளநீர் விற்பவர்கூட அடுக்கி வைத்து விற்றார். நைனாவே மறுபடி மறுபடி பிரதி எடுத்தார். வருகிறவர்களிடமெல்லாம் “நம்ம பத்திரிகதான்” என்றார். எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

அந்த வாரமே அக்கா பசையோடு வந்தார். முதல் பக்கத்தை ஊர்த்தெரு பஸ் ஸ்டாப்பில் ஒட்ட வேண்டும். “கிழிப்பாங்களோ?” என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே இருந்தார். சித்தி, “கிழிச்சா இன்னொண்ணு ஒட்டலாம்” என்றாள். நானோ கிழிக்கட்டும் என்று சாமியை வேண்டிக்கொண்டேன். அடுத்த இதழுக்குத் தலைப்புகூட யோசித்துவிட்டேன்.

ஒட்டினோம். கூட்டம் சேர்ந்தது. மூக்குக் கண்ணாடி போட்ட ஒரு பெரியவர் நெருங்கிப் போய் முதல் வரியிலிருந்து சத்தமாகப் படித்தார். அக்கா சித்தியின் கையைப் பிடித்த பிடி எனக்கே வலித்தது. பெரியவர் படித்து முடித்துத் திரும்பினார்.

“உப்பு போட மாட்டாங்களே?”

“எங்க வூட்ல போடுவாங்க” என்றார் அக்கா. “நீங்க வேணா கடசிப் பக்கத்துல எழுதிக் குடுங்க.”

“குடு, எழுதறேன்” என்று ஒரு பிரதியை வாங்கிக்கொண்டு அவர் பஸ் ஏறிப் போய்விட்டார். மற்றவர்களும் படித்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள். பஸ் ஸ்டாப்பில் நாங்கள் மூவர்தான். அக்காவும் சித்தியும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள்.

எனக்கு வந்ததே கோபம். “ஒரு சண்டையும் நடக்கல. இதுல சிரிக்கிறதுக்கு இன்னா இருக்குது? அடுத்த இதழுக்கு இன்னாத்த போடறது?” என்று கத்தினேன். அவர்கள் இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள்.

அந்தத் தாளை ஒருவரும் கிழிக்கவில்லை என்பதுதான் அன்றைக்குச் செஞ்சியிலேயே பெரிய செய்தி. துணை ஆசிரியருக்கு அது தெரியவில்லை.