நான் எண்ணாத சிப்பிகள்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். முப்பத்தொரு வருடம் நுண்ணோக்கியில் எண்ணியே பிழைத்தவன். நீங்கள் நம்பாவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை.

கடலடியில் குழாய் இறக்கி எடுத்த சேற்றை அடுக்கடுக்காக அறுப்போம். ஒவ்வோர் அடுக்கிலும் மணலளவு சிப்பி ஓடுகள் முந்நூறைப் பொறுக்கிக் கண்ணாடித் தகட்டில் ஒட்டுவோம். குளிர்நீர் வகையைத் தனிக் கட்டத்தில் ஒட்டி எண்ணுவோம். அது கூடியிருந்தால் அந்தக் காலத்தில் கடல் குளிர்ந்திருந்தது என்று பொருள். ஒருநாள் அலுப்பில் ஓர் அடுக்கை நான் எண்ணவே இல்லை. மேல் அடுக்கில் இருபத்தைந்து, கீழே இருபத்தேழு, ஆகவே நடுவில் இருபத்தாறு என்று எழுதிவிட்டேன். அதையே மறுபடி எண்ணிய நண்பன் வேலுச்சாமி நாற்பத்தொன்று என்றான். வெப்பக் காலத்தின் நடுவே திடீரென ஒரு குளிரா? யாரும் நம்பவில்லை, கவனமில்லாதவன் என்றார்கள். எண்ணாமல் எழுதியதை நான் மறைத்துவிட்டேன். அவன் வேலையை விட்டுப் பரமத்தி வேலூருக்கு, வெற்றிலைக் கொடிக்காலுக்கே திரும்பிவிட்டான்.

ஆய்வகத்தில் பழைய தகடுகளைக் கழித்தபோது அந்த அடுக்கின் தகட்டை மட்டும் எடுத்து வந்து எண்ணினேன். நாற்பத்தொன்று. அதற்குப் பிறகும் ஒன்பது வருடம் அவனிடம் போய்ச் சொல்லவில்லை.

அவன் இறந்த இருபத்திரண்டாம் நாள், தகட்டையும் சிறிய நுண்ணோக்கியையும் எடுத்துக்கொண்டு நான் குடியிருக்கும் அஸ்தம்பட்டியிலிருந்து மூன்று பஸ் மாறிப் போனேன். பட்டப்பகல், மணி மூன்று. அவன் மனைவி சரசு வெற்றிலையை நூறு நூறாக எண்ணிக் கட்டிக்கொண்டிருந்தார்.

“அவன் எண்ணினதுதாம்மா சரி. நான் எண்ணாமலே எழுதினேன். இந்தக் கட்டத்துல இருக்கறத நீயே எண்ணிப் பாரு.”

“சாகற வரைக்கும் நாப்பத்தொண்ணுன்னுதானுங்கண்ணா சொல்லிட்டிருந்தாரு” என்று நுண்ணோக்கியில் கண்ணை வைத்தார். மூன்று முறை எண்ணினார்.

“இருவத்தாறுதானுங்கண்ணா இருக்குது.”

நான் குனிந்து எண்ணினேன். இருபத்தாறு. தகட்டை மூடிய கண்ணாடியின் ஒட்டுகூடப் பிரியவில்லை. நான் எழுதிய எண்ணை அவரிடம் யாரும் சொன்னதுமில்லை.

“வெத்தல எண்ணற கண்ணுங்க, தப்பாதுங்க. எனக்கு ஆறுதல் சொல்லோணும்னு இந்தப் பழிய உங்க தலைல போட்டுக்கிட்டு வந்தீங்களாக்கும்? உக்காருங்க, காப்பி வெக்கறேன்.”

எவ்வளவு சொல்லியும் அவர் நம்பவில்லை. வேலுச்சாமியைத் தப்பாக எண்ணியவனாக்கி, இந்த முறை அவன் வீட்டிலேயே நிறுத்திவிட்டு வந்தேன்.

தகடு இப்போது என் மேசையில்தான் இருக்கிறது. இன்று காலையும் இரண்டு முறை எண்ணினேன். நாற்பத்தொன்று.