ஐந்தாவது கம்பத்தில் நான் சொல்லாதது

நான் எதையும் எளிதில் நம்புகிறவன் இல்லை. கள்ளக்குறிச்சியிலும் அதற்கு முன் கல்வராயன் மலைப் பள்ளிகளிலும் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவன். ஆதாரம் எங்கே என்று கேட்டுக் கேட்டே பழகிய வாய். எங்கள் தாத்தா ஜமீனை எதிர்த்து நின்றவர் என்று யாராவது ஆரம்பித்தால் பாதியிலேயே சிரித்துவிடுவேன். அதை நல்ல குணம் என்றே நினைத்திருந்தேன். அந்தக் குணம் ஒரு மனிதரை என்ன செய்தது என்பதை இங்கே எழுதுகிறேன்.

அவர் என் மனைவியின் பெரியப்பா மகன். எனக்கு மச்சான் முறை. உளுந்தூர்ப்பேட்டைப் பக்கம் ஒரு சிற்றூரில், யுத்த காலத்தில் போட்டு அப்படியே விட்டுவிட்ட விமான ஓடுதளத்தை ஒட்டி அவருக்குக் கொஞ்சம் நிலம். அந்தத் தளத்தைப் போடும்போது அவர் அப்பா கல் உருளைக்கு அடியில் சிக்கி இறந்துபோனார் என்பது அவர் சொல்லும் கதை. அப்போது மச்சான் கைக்குழந்தை. உடல் வீட்டுக்கு வரவில்லை. மேஸ்திரியின் ஆட்கள் அங்கேயே எங்கோ புதைத்துவிட்டார்கள். கூட வேலை செய்தவர்கள் வந்து சொன்ன வார்த்தையை வைத்து அவர் அம்மா தாலியை இறக்கினார்.

ஊர் அதை முழுதாக ஏற்கவில்லை. அவர் சாகவில்லை, ஓடிப்போனார், கோலார் பக்கம் வேறொருத்தியோடு குடித்தனம் நடத்துகிறார் என்று ஒரு பேச்சு. புருஷன் உயிரோடு இருக்கும்போதே தாலியை அறுத்தவள் என்று அந்த அம்மாவைச் சாகும்வரை நல்ல காரியங்களில் ஒதுக்கினார்கள், விதவை என்பதற்காக ஒதுக்கியதற்கும் மேலாக. என் மாமனாரே, அதாவது ஓடிப்போனதாகச் சொல்லப்பட்டவரின் சொந்தத் தம்பியே, ஒருமுறை என்னிடம் குரலைத் தாழ்த்தி, "எங்கண்ணன் காலு ஒரு எடத்துல நிக்காத காலுங்க மாப்ள" என்றார். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். ஆதாரமில்லாத இரண்டு கதைகளில் அசிங்கமானது எனக்கு உண்மை போலத் தெரிந்தது.

சில வருடங்களுக்கு முன் அந்தத் தளத்தில், அங்கே உழைத்தவர்களுக்கும் போருக்குப் போனவர்களுக்கும் சேர்த்து ஒரு நினைவுத் தூண் நட்டார்கள். பிறகு கல்லூரிப் பிள்ளைகள் சிலர் அதைச் சுற்றி ஒலி வழிகாட்டி ஒன்று தயாரித்தார்கள். ஆங்காங்கே இரும்புக் கம்பம், அதில் எண், எண்ணுக்குக் கீழே கட்டம் கட்டமான ஒரு படம். செல்போனை அதற்கு நேரே பிடித்தால் அந்த இடத்தின் கதையை ஒரு குரல் சொல்லும். உடன் யாரும் வர வேண்டியதில்லை, நாமே நடந்து கேட்டுக்கொள்ளலாம். தயாரிக்கும்போது அந்தப் பிள்ளைகள் என் வீட்டுக்கும் வந்து நெடுநேரம் பதிவு செய்துகொண்டு போனார்கள். நான் பர்மா போர்முனையில் தொடங்கி விரிவாகப் பேசினேன். உருளையில் ஒருவர் இறந்த கதையைப் பற்றிக் கேட்டார்கள். ஊர்க்கதை, சேர்க்காதீர்கள் என்றேன்.

ஒரு மாசி மாதம் மச்சான் ஆளனுப்பினார், அவர் வீட்டுக்குப் போனேன். அவருக்குக் காது ஏறக்குறைய போய்விட்டது. காதில் வைத்த கருவி விசிலடிக்குமே தவிர செல்போன் குரலெல்லாம் அவருக்கு இரைச்சல்தான். பழகிய ஆள் இடது காதருகே நிதானமாகச் சொன்னால் மட்டும் புரியும்.

"பசங்க எங்கப்பா சேதிய சேத்துக்கிறோம்னு சொல்லிட்டுப் போனாங்க மாப்ள. சேத்தாங்களா இல்லியான்னு தெரில. நீங்க கேட்டு எனக்குச் சொல்லுங்க."

"உங்க பொண்ணு கேட்டுச் சொல்லாதா?" என்று அவர் காதில் கேட்டேன்.

"அது சொன்னா அப்பனுக்காகச் சொல்லுதும்பாங்க. வாத்தியாரு சொன்னா ஊரே நம்பும். எங்கம்மா பேர்ல இருக்குற அழுக்கு போயிடும். நான் போறதுக்குள்ள அத ஒரு தபா கேட்டுடணும்."

அவர் இதைவிடத் தெளிவாகச் சொல்லியிருக்க முடியாது. எனக்கு எல்லாம் தெரிந்துதான் இருந்தது.

பேசி வைத்த நாளில் திருநாவலூர் விலக்கில் அவர் காத்திருந்தார். ஆட்டோ பிடித்துப் போனோம். ஓடுதளம் முழுவதும் உளுந்து காய்ந்துகொண்டிருந்தது. சுற்றியுள்ள ஊர்க்காரர்களுக்கு அதுதான் களம். எண் போட்ட கம்பங்களில் தார்ப்பாய்க் கயிற்றைக் கட்டியிருந்தார்கள். ஒரு கம்பத்தைப் பிடுங்கிக் கொண்டுபோய்ப் பாயின் மேல் பாரமாகவே வைத்திருந்தார்கள். உளுந்தைக் காலால் கிளறிக்கொண்டிருந்த பெண் என்னைப் பார்த்து, "போனக் காட்டாதீங்க பெரியவரே, பேங்கில இருக்குறத உருவிக்கினு போயிடுவான்" என்றாள். பக்கத்திலிருந்தவள், "அவருகிட்ட உருவ இன்னா இருக்குது, மூச்சுதான்" என்றாள். மச்சானுக்கு அது கேட்கவில்லை. ஆனாலும் அவர்கள் சிரித்ததைப் பார்த்து அவரும் சிரித்தார்.

எனக்கும் அந்தக் கட்டப்படத்தின் மேல் நம்பிக்கை இல்லை. பேரனுக்குப் போன் செய்து, ஆபத்தில்லை என்று அவன் சொன்ன பிறகே முதல் கம்பத்தில் போனைக் காட்டினேன். இயர்போன் வயரை இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டேன். ஒரு இளம்பெண்ணின் குரல் வரவேற்றது. நான் கேட்டதை வாக்கியம் வாக்கியமாக மச்சானின் காதில் சொல்லிக்கொண்டே நடந்தேன். அவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் "ம்... ம்..." என்றார்.

உண்மையைச் சொல்வதானால் நான் மச்சானுக்காகக் கேட்கவில்லை, என் குரலைத் தேடிக் கேட்டேன். முதல் கம்பத்தில் இல்லை. இரண்டாவதில் பர்மா வந்தது, ஆனால் வேறு யாரோ பேசினார்கள். இதை நான்தானே சொன்னேன், என் சொல்லை எடுத்து இன்னொருவர் வாயில் போட்டுவிட்டார்களா என்று தோன்றியது. மூன்றாவது கம்பம் வரும்போது அந்தப் பிள்ளைகள் செய்த எதையும் நான் நம்பவில்லை. வருடத்தைத் தப்பாகச் சொல்கிறார்கள், தளத்தின் நீளத்தைக் கூட்டிச் சொல்கிறார்கள் என்று மச்சானிடம் குறை சொன்னேன். "அப்பிடிங்களா," என்றார் அவர், "நீங்க இருந்து திருத்திக் குடுத்திருக்கலாம்."

பாரமாக வைத்திருந்த கம்பம்தான் நான்காவது. அது இருக்க வேண்டிய இடத்தில் இல்லாததால், கிடந்த இடத்திலேயே போனைக் காட்டி, விமானம் இறங்கிய கதையை ஒரு வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டோம். ஐந்தாவது கம்பம் தளத்தின் ஓரத்தில், சப்பாத்திக்கள்ளிக்குப் பக்கத்தில் இருந்தது. மச்சானின் பிடி இறுகியது. ஆடி அமாவாசைக்கு அவர் குடும்பம் படையல் போடும் இடம் அது.

அங்கே இளம்பெண்ணின் குரல் இரண்டு வாக்கியம் பேசி ஒதுங்கிக்கொண்டது. பிறகு ஒரு கிழவியின் குரல் வந்தது. சிறுமியாக இருக்கும்போது ஜல்லி சுமக்க மலையிலிருந்து இறங்கி வந்தவளாம். அவள் பேச்சின் இழுவை எனக்கு உடனே பிடிபட்டது. வருடக்கணக்காக நான் மலையில் கேட்ட பேச்சு அது. மச்சான் குடும்பத்துக்கும் அவளுக்கும் எந்த உறவும் இருக்க முடியாது. ஐலசா போட்டு எல்லாரையும் உருளை இழுக்க வைத்தவர் ஒருவர் இருந்தார், கால் வழுக்கி விழுந்தார், உருளை நிற்கவில்லை என்றாள் அவள். "அவரு பொண்டாட்டி அப்பத்தான் கூழு கொண்டுக்கிட்டு வந்துச்சு. பானைய அப்பிடியே போட்டுட்டு ஒக்காந்துருச்சு. அழவே இல்ல. எங்களுக்கு அதான் பயமாப் போச்சு" என்றாள். ஏரிக்கரை ஊர்க்காரர் என்றும் சொன்னாள். அது மச்சானின் ஊர்தான். ஐலசா போடுகிறவர் என்று மச்சான் தன் அப்பாவைப் பற்றிச் சொல்லி நான் பலமுறை கேட்டிருக்கிறேன்.

அது முடிந்ததும் அடுத்த கம்பத்துக்குப் போகச் சொல்லியது இளம்பெண்ணின் குரல். நான் நின்றுகொண்டே இருந்தேன். யாரோ சொல்லிக்கொடுத்துப் பேச வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். அப்படி இல்லை என்பது அதை நினைக்கும்போதே எனக்குத் தெரியும். எழுத்து வாசனை இல்லாத ஒருத்தியின் பேச்சை எடுத்துக்கொண்டு, நான் பேசியதைத் தூக்கிப் போட்டிருக்கிறார்கள். நான் ஊர்க்கதை என்று ஒதுக்கியதை வேண்டுமென்றே போட்டு எனக்குக் காட்டுகிறார்கள். மனதில் இருந்தது அதுதான்.

"மாப்ள, இன்னா சொல்லுது?"

நான் அவர் காதருகே குனிந்தேன். "ஜல்லி எங்கேயிருந்து வந்தது, சிமெண்ட் எப்படிக் கலந்தார்கள், அதைத்தான் சொல்கிறது."

"எங்கப்பா?"

"இல்லை."

அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். காது கேளாதவர்கள் முகத்தை வாசிப்பார்கள் என்பதை நான் அப்போது நினைக்கவில்லை. பிறகு, "செரி, வெயிலு ஏறுது, வாங்க போலாம்" என்றார். மீதிக் கம்பங்களை அவர் கேட்கச் சொல்லவில்லை. விலக்குக்கு வந்ததும் எனக்கு டீ வாங்கிக் கொடுத்து, பஸ்ஸில் உட்கார இடம் பார்த்து ஏற்றிவிட்டார்.

அன்று சாயங்காலமே போன் செய்து சொல்லியிருக்கலாம். அவர் மகளிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் பொய் சொன்னீர்கள் என்று கேட்பாள். அந்தக் கேள்விக்குப் பயந்து மாதங்களைத் தள்ளினேன். மகள் எப்படியும் கேட்டுச் சொல்லியிருப்பாள், விஷயம் தானே தீர்ந்திருக்கும் என்றுகூட எண்ணிக்கொண்டேன். அப்புறம் ஒரு சந்தேகம் பிடித்துக்கொண்டது: தீர்ந்திருந்தால் அவருக்கு என் பொய்யும் தெரிந்திருக்குமே? பொங்கலுக்குத் துணி அனுப்பினார், நிலத்தில் விளைந்த உளுந்தைப் பையில் கட்டி அனுப்பினார். ஒவ்வொன்றையும் புரட்டிப் பார்த்தேன், இதில் ஏதாவது குத்தல் இருக்கிறதா என்று.

மறு வருட ஆவணியில் திருக்கோவிலூரில் ஒரு கல்யாணத்தில் அவர் மகளைப் பார்த்தேன். பேச்சோடு பேச்சாக, "இந்த ஆடிக்கு அப்பா படையலே வேணாம்னுட்டாரு மாமா. போன வருசமும் போடல" என்றாள்.

"ஏன்?"

"கேட்டா கோவம் வருது. அந்தக் கம்பத்துல இன்னா சொல்லுதுன்னு நான் கேட்டுச் சொல்றேங்கிறேன், கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு. நீங்கதான் பக்கத்துல இருந்தீங்களாமே. இன்னாதான் சொல்லிச்சு?"

நேரில் வந்து சொல்கிறேன் என்றேன். மறுநாளே அவர் ஊருக்குப் போனேன்.

மச்சான் வீட்டுக்குள் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். இளைத்திருந்தார். மகள் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு நின்றாள். நான் அவர் இடது காதருகே உட்கார்ந்து, அன்றைக்கு நான் சொன்னது பொய், உங்கள் அப்பாவைப் பற்றி அதில் இருக்கிறது, உருளையில்தான் இறந்தார் என்று ஒரு கிழவி சொல்கிறாள் என்றேன். நிறுத்தி நிறுத்தி இரண்டு முறை சொன்னேன்.

அவர் தலையை ஆட்டினார், ஆமாம் என்பதுபோல அல்ல.

"தெரியும் மாப்ள. அன்னிக்கே உங்க மூஞ்சி மாறிச்சு. ஏதோ வந்துச்சு, நீங்க மறைச்சிட்டீங்க. படிச்சவங்க, நல்லதா இருந்தா மறைப்பீங்களா? ஓடிட்டாருன்னுதான் சொல்லியிருக்கும். என் மனசு நோவக்கூடாதுன்னு ஜல்லி, சிமெண்ட்டுன்னீங்க."

"இல்லை மச்சான்."

"உசுரோட போன ஆளுக்கு எப்பிடிப் படையல் போடறது? எங்கம்மா வெள்ளப் பொடவை கட்டினதுக்கு நான் இன்னா சொல்றது?" அவர் குரல் தடிக்கவில்லை. "இப்ப நான் போற வயசு. மனச ஆத்தறதுக்கு வந்து வேற மாதிரி சொல்றீங்க. வாணாம் மாப்ள."

பொய்யை நம்பியிருந்தால்கூட அவருக்கு ஏமாற்றத்தோடு போயிருக்கும். அவர் அதை நம்பாமல், என்மேல் வைத்திருந்த மரியாதையால் அதற்கு ஒரு காரணம் கண்டுபிடித்து, தன் அம்மாவையே குற்றவாளியாக்கிக்கொண்டு இரண்டு ஆடியைக் கழித்திருக்கிறார். பொறாமையால் மறைத்தேன், என் குரலை அவர்கள் போடவில்லை என்பதால் மறைத்தேன் என்று அவர் காதில் சொன்னேன். அவருக்கு அது புரியவேயில்லை. "குரலா? எந்தக் குரலு?" என்றார்.

மகளுக்குப் புரிந்தது. அவள் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியவில்லை. அப்பாவுக்குச் செய்த சத்தியத்தையும் பார்க்காமல் தன் போனை எடுத்துக்கொண்டு தளத்துக்குப் போனாள். அவள் திரும்பும்வரை நாங்கள் இருவரும் உட்கார்ந்திருந்தோம்.

வந்ததும் அப்பாவின் பக்கத்தில் நான் இருந்த இடத்தைக் கேட்டாள். எழுந்து கொடுத்தேன். அவள் கம்பத்தில் பிடித்து வந்த பதிவைப் போனில் ஓடவிட்டு, ஒரு காதில் வயரை மாட்டிக்கொண்டு, கிழவி சொன்னதை அப்படி அப்படியே அப்பாவின் காதில் சொன்னாள். நடுவில் நான் ஏதோ சேர்க்கப் போனேன். மச்சான் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார்.

"நீங்க பேசாதீங்க. அது சொல்லட்டும்."

கூழ்ப்பானை வந்த இடத்தில் அவர் மகளின் கையைப் பிடித்தார்.

"எங்கம்மா அழுதாள்னு சொல்லுதா?"

"அழவே இல்லன்னு சொல்லுதுப்பா."

எங்கம்மா அப்படித்தான், அழமாட்டாள் என்று மகளிடம் சொன்னார். இன்னொரு முறை முதலிலிருந்து சொல்லச் சொன்னார். அவள் சொன்னாள். மூன்றாவது முறையும் கேட்டார். அவர் என் பக்கம் திரும்பவில்லை.

கிளம்பும்போது வழக்கம்போல விலக்கு வரை வர எழுந்தார். வேண்டாம் என்று சைகை காட்டினேன். வாசலில் நின்று, கோபமே இல்லாத குரலில் சொன்னார்: "அடுத்த தபா பொண்ணு வூட்ல இருக்கறப்ப பாத்து வாங்க மாப்ள. நீங்க சொல்றத அதுகிட்ட ஒரு வாட்டி கேட்டுக்குறேன்."