வெள்ளிக்கிழமை பத்தே முக்கால்

எழுபதுகளின் நடுப்பகுதியில், சிட்னியில் லிட்கம் ரயில் நிலையத்துக்கு அருகே நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில், வெள்ளிக்கிழமை மாலைதோறும் கூட்டு வழிபாடு நடக்கும். அப்போது அந்தப் பக்கத்தில் நமக்கென்று கோயில் இல்லை. வரவேற்பறையில் கணப்படுப்புக்கு மேலிருந்த பலகையில் சுவாமி படங்களை வைத்து, ஐந்தாறு குடும்பங்கள் கம்பளத்தில் அமர்ந்து பதிகம் பாடுவோம். பண்ணோடு பாடக்கூடியவன் என்பதால் முன்னின்று பாடும் பொறுப்பு என்னிடம் இருந்தது. ஆண்டுதோறும் ஊரிலிருந்து தபாலில் பஞ்சாங்கம் வருவிப்பவன் என்பதால், நாள் பார்த்துச் சொல்லும் பொறுப்பும் என்னிடமே வந்து சேர்ந்தது. இரண்டிலும் எனக்குச் சற்றுச் செருக்கு இருந்தது.

வழிபாடு முடிந்ததும் கடலைச் சுண்டலோடு அரசியல் தொடங்கும். எல்லோருக்கும் அரசாங்கமே மருத்துவக் காப்புறுதி வழங்கவேண்டுமா என்று நாடே வாதிட்டுக்கொண்டிருந்த காலம் அது. அதுவரை சம்பளக்காரர் தம் பணத்தில் காப்புறுதி எடுத்துக்கொள்வர். வேலை இழந்து உதவிப்பணம் பெறுவோர்க்கு அரசாங்கம் இலவசமாகத் தரும். ஆனால் அவர்கள் வேலை தேடுவதைக் காட்டவேண்டும். கூப்பிட்ட நாளில், கூப்பிட்ட நேரத்தில் வேலைவாய்ப்பு அலுவலகத்தில், எங்கள் வழக்கில் கந்தோரில், நிற்கவேண்டும். தவறினால் உதவிப்பணம் நிற்கும். அதன் பின்னாலேயே காப்புறுதியும் போய்விடும்.

"அது சரிதானே?" என்றேன் ஒரு வெள்ளிக்கிழமை. நான் அப்போது ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞன். பிழையான படிவங்களைத் திருப்பி அனுப்புவதே என் அன்றாடத் தொழில். "சொன்ன நேரத்துக்கு வரேலாதவனுக்கு என்னத்துக்குக் காப்புறுதி? விதி எண்டு ஒண்டு இருக்கவேணும்."

மலேசியாவிலிருந்து வந்து இங்கே கணிதம் கற்பித்த அம்மையார் விடவில்லை. "நோவு என்ன, வேலை இருக்கா இல்லையான்னு கேட்டுட்டா வருது அண்ணே?"

"தங்கச்சி, உங்களுக்குக் கணக்குத் தெரியும். கந்தோர் தெரியாது."

எல்லோரும் சிரித்தார்கள். ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் வேலை செய்த எங்கள் ஊர்க்காரர் அவர்; தம் கையிலிருந்த சுண்டலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் அவர் தொலைபேசியில் அழைத்தார். தொழிற்சாலை அவரை நிறுத்தி மூன்று வாரம் ஆகியிருந்தது. மனைவிக்குப் பித்தப்பையில் கல். அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்தாகிவிட்டது. இலவசக் காப்புறுதியை நம்பியே அதற்கு ஒப்புக்கொண்டிருந்தார்கள்.

"வாற வெள்ளிக்கிழமை பத்தே முக்காலுக்குக் கந்தோருக்கு வரச் சொல்லியிருக்கிறாங்கள் அண்ணை. நேரம் எப்பிடி?"

வேறு எவராயினும் ரயில் அட்டவணையைப் பார்த்திருப்பர். நான் பஞ்சாங்கத்தை விரித்தேன். வெள்ளிக்கிழமை இராகு காலம் பத்தரை முதல் பன்னிரண்டு வரை.

"வேண்டாம் தம்பி. ராகு காலத்தில அங்க கால் வைக்காதையும். பன்னிரண்டு கழிய உள்ளுக்குப் போம். கொஞ்சம் பிந்தினா அவங்கள் ஒண்டும் சொல்லமாட்டாங்கள்."

அவர் அப்படியே செய்தார். கழுத்துப்பட்டி அணிந்து, பத்தரைக்கே போய், கந்தோருக்கு எதிரிலிருந்த பூங்காவில் வெயிலில் அமர்ந்திருந்து, பன்னிரண்டு ஐந்துக்கு உள்ளே நுழைந்திருக்கிறார். உரிய நேரம் கடந்துவிட்டது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். புதன்கிழமை கடிதம் வந்தது.

"வெட்டிப்போட்டாங்கள் அண்ணை. காசு, காப்புறுதி ரெண்டும் போட்டுது. செவ்வாய்க்கிழமை இவளுக்கு ஒப்பரேஷன்." தொலைபேசியில் வந்த அவர் குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

அடுத்த தெருவில் குடியிருந்த கணித ஆசிரியை அன்று மாலையே வந்தார். என் மனைவி சொல்லியிருக்கவேண்டும். என் மனைவி சமைத்துக்கொண்டிருந்த குசினியின் மேசையில் பஞ்சாங்கத்தைத் திருப்பிப் பார்த்தார், பென்சில் கேட்டார்.

"அண்ணே, ராகு காலம் சூரியன் உதிக்கிறத வச்சுத்தானே கணக்கு? ஊர்ல ஆறு மணிக்கு உதிக்கும், ஆறு மணிக்கு அடையும், சரி. இங்க கோடைல பகல் பதினாலு மணி நேரம். அதோட கடிகாரத்தையும் ஒரு மணி முன்னால தள்ளி வச்சிருக்காங்க." சில கோடுகள் போட்டார். "பதினொன்னேகாலுக்கு மேலதான் ஆரம்பிக்குது. ஒரு மணி வரைக்கும் இருக்கு. பத்தே முக்கால் நல்ல நேரம் லா! நல்ல நேரத்துல அந்த மனுசன வெளிய உக்கார வச்சிட்டு, சரியா ராகு காலம் பாத்து உள்ள அனுப்பியிருக்கீங்க."

என் மனைவி சிரிப்பை அடக்கக் குழாயைத் திறந்துவிட்டாள். எனக்கு நாணமாக இருந்தது. கணக்கில் பிழைத்தது மட்டுமன்று. அடியாரைக் கோள்கள் என்ன செய்யும் என்று வாரந்தோறும் குரலெடுத்துப் பாடிவிட்டு, அடுத்த நாளே அக்கோள்களுக்கு அஞ்சி ஒரு பெண்ணின் சிகிச்சையைக் கெடுத்தவன் நான்.

முடிவை மீளாய்வு செய்யுமாறு ஊர்க்காரர் கேட்டிருந்தார். அதற்குக் கந்தோர் குறித்த நேரம் வெள்ளிக்கிழமை பதினொன்றரை. எந்தக் கணக்கிலும் இராகு காலம். நான் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டேன்.

"பதினொண்டுக்கே போய் நிப்பம் தம்பி."

"அண்ணை, ராகு..."

"அவரும் வரட்டும். வந்து பக்கத்துக் கதிரையில இருக்கட்டும்."

எங்களை அழைத்த அதிகாரி நடுவயதுப் பெண்மணி. தவறு என்னுடையது என்று சொல்லி, எல்லாவற்றையும் விளக்கினேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார். தம் தாயார் வெள்ளிக்கிழமையில் எந்தப் புதுக் காரியத்தையும் தொடங்கமாட்டார் என்றார். ஆயினும் இந்தப் படிவத்தில் உங்கள் கோளை எழுதக் கட்டமில்லையே என்று புன்னகைத்தார். பின்பு ஓரத்தில் ஒரு வரி எழுதினார்: மத வழக்கத்தால் நேர்ந்த தவறு, வேலை தேட மறுத்தமையன்று. உதவிப்பணமும் காப்புறுதியும் மீண்டன.

அவருடைய பேனாவையே நான் பார்த்திருந்தேன். அந்த மேசையில் நான் இருந்திருந்தால் அப்படிவத்தைத் திருப்பி அனுப்பியிருப்பேன். கல்நெஞ்சினால் அல்ல, விதியில் அப்படி இருந்தது என்பதால். வலியோடு வீட்டில் படுத்திருந்த ஒருத்தியின் சிகிச்சை, அன்று அக்கதிரையில் யார் அமர்ந்திருக்கிறார் என்பதில் தொங்கியிருக்கிறது. இளமை முதல் நான் ஓதிய பாடல்களில் இறைவனின் அருள் எவரிடமும் தகுதிச் சான்று கேட்டு வந்ததில்லை. அதை நாவில் வைத்துக்கொண்டே வேறொன்றைப் பேசியிருக்கிறேன்.

வெளியே வந்ததும் ஊர்க்காரர் கேட்டார்: "அண்ணை, இப்ப ராகு காலம்தானே?"

"ஓம்."

"பரவாயில்லை, ராகுவும் நல்ல மனுசன்தான்."

செவ்வாய்க்கிழமை அறுவைச் சிகிச்சை நல்லபடி முடிந்தது. குளிர்காலத்தில் எல்லோருக்குமான காப்புறுதியும் வந்தது. வேலை இருக்கிறதா என்று கேளாமலே, வீடுவீடாகத் தபாலில் அட்டைகள் வந்தன. அட்டைகள் வந்த வாரத்து வெள்ளிக்கிழமை சுண்டல் கொண்டுவந்தவர் ஊர்க்காரருடைய மனைவி. தம் அட்டையைக் கைப்பையிலிருந்து எடுத்து எல்லோருக்கும் காட்டினார். கணவருக்கு இன்னும் வேலை கிடைத்திருக்கவில்லை.

"வேலை இல்லாதவனுக்கும் குடுத்திட்டாங்கள் அண்ணை. நீங்கள் வேண்டாமெண்டுதானே சொன்னனீங்கள்?" என்று யாரோ சீண்டினார்.

"சொன்னனான். பிழையாச் சொன்னனான்."

அப்போதுதான் கணவர் மெல்லச் சொன்னார்: "திங்கக்கிழமை ஒரு இன்டர்வியூ இருக்கு. காலமை எட்டரைக்கு."

பஞ்சாங்கப்படி திங்கள் காலை ஏழரை முதல் ஒன்பது வரை இராகு காலம் என்பது அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். பாட்டுக் கொப்பிகளை அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். கணித ஆசிரியை கைப்பையில் பென்சில் தேடினார்.

"தங்கச்சி, அதை உள்ளுக்கு வையுங்கோ," என்றேன். பிறகு ஊர்க்காரர் பக்கம் திரும்பினேன். "எட்டு மணிக்கே போய் நில்லும் தம்பி."