மாமியாருக்கு வைத்த குங்குமம்

பெங்களூர் மர்பி டவுனில் இருக்கும் சுனிதா, கம்பெனி ஆட்களை ஏற்றிப்போகும் கேப் ஓட்டுகிறாள். விவேக் நகரில் ஆளை ஏற்றி, ஆடுகோடி நெரிசலைத் தாண்டி, எலெக்ட்ரானிக் சிட்டியில் லாகின் நேரத்துக்குள் இறக்கிவிடுவது இந்த ஊரில் லேசுப்பட்ட காரியமில்லை. சில மாதங்களாக அவள் வண்டியில் வருகிறவள் தர்ஷினி, ஈரோட்டுப் பெண், இப்போது நிறைசூலி. "சுனிதாக்கா வண்டின்னா வர்றேன், இல்லேன்னா லீவு" என்று ஆபீசில் கறாராகச் சொல்லிவிட்டவள். டிரைவர் பெண் என்று தெரிந்ததும் டிரிப்பையே ரத்து செய்தவர்களைப் பார்த்துப் பழகிய சுனிதாவுக்கு அந்த ஒரு வார்த்தை போதும், உயிரையே கொடுப்பாள்.

இந்த வருடம் டிராவல்ஸ்காரர்கள் புது வண்டி கொடுத்தார்கள். முன்கண்ணாடியின் உச்சியில், உள்பக்கமாக ஒரு கேமரா. முன்னால் போகும் வண்டியை நெருங்கினால் பீப் என்று கத்தும்; நாம் பிரேக் போடாவிட்டால் அதுவே போடும். ரோட்டில் கோடு தாண்டினாலும் கத்தும். பெங்களூரில் கோடு தாண்டாமல் ஓட்டுகிற மகான் யார்? எந்நேரமும் நொய்நொய் என்றதால் ஷெட்டில் டிரைவர்கள் அதற்கு மாமியார் என்று பெயர் வைத்தார்கள். சுனிதாவும் முதலில் திட்டித் தீர்த்தாள். அப்புறம் பழகிவிட்டது. பழகினது மட்டுமா, சுகமாகவும் இருந்தது. மாமியார் பார்த்துக்கொள்வாள் என்று ஒரு கண்ணை ரோட்டிலும் ஒரு கண்ணை போனிலும் வைக்க ஆரம்பித்தாள்.

ஆயுத பூஜை வந்தது. வண்டியைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, சாமந்தி மாலை போட்டு, பூசணிக்காய் உடைத்து, எல்லோருக்கும் பொரி கொடுத்தாள். ஸ்டியரிங்குக்கும் சக்கரங்களுக்கும் பொட்டு வைத்த பிறகு கேமரா கண்ணில் பட்டது. "நம்மள காப்பாத்துற மகராசி, இவளுக்கு இல்லாமலா?" என்று சிரித்துக்கொண்டே, கண்ணாடியின் வெளிப்பக்கம், அந்த இடத்துக்கு நேராக, உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனத்தை அப்பி நடுவில் குங்குமம் வைத்தாள். பக்தி என்றால் அப்படியொரு பக்தி. மாமியாரின் கண்ணையே மறைத்துவிட்டோம் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

பண்டிகை முடிந்த முதல் வேலை நாளில் டேஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. சர்வீஸ் விளக்காக இருக்கும், சாயங்காலம் பார்க்கலாம் என்று விட்டுவிட்டாள். ஆடுகோடி தாண்டும்போது போனில் அடுத்த டிரிப் மெசேஜ் வந்தது. தலையைத் திருப்பிப் படித்தாள். முன்னால் போன ஸ்கூட்டர் சட்டென்று நின்றது. பீப் வரவில்லை.

"அக்கா!"

தர்ஷினி போட்ட கூச்சலில் கால் தானாகப் போய் பிரேக்கை மிதித்தது. வண்டி நின்றபோது ஸ்கூட்டருக்கும் பம்பருக்கும் நடுவே ஒரு ஜாண்தான் இருந்தது. "ஏனம்மா, கண்ணு காண்சல்வா?" என்று கன்னடத்தில் கத்திவிட்டுப் போனான் ஸ்கூட்டர்காரன். கண் தெரியவில்லையா என்று அவன் கேட்டது நியாயம்தான்.

சுனிதா ஓரம்கட்டித் திரும்பிப் பார்த்தாள். தர்ஷினி இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"உதைக்குதுக்கா. ஒண்ணும் ஆகல."

சுனிதாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அப்போதுதான் மஞ்சள் விளக்குக்குப் பக்கத்தில் இருந்த எழுத்தைப் படித்தாள்: கேமரா மறைக்கப்பட்டிருக்கிறது. இறங்கி ஈரத்துணியால் சந்தனத்தைத் துடைத்தாள். விளக்கு அணைந்தது. அவளுக்கு மட்டும் அழுகை நிற்கவில்லை.

"கேமரா மேல தப்பு சொல்ல மாட்டேன் மா. ரோட்ட பாக்க வேண்டியவ நான், பாக்கல. ஆபீஸ்ல சொல்லி வேற வண்டி போட்டுக்கோ."

தர்ஷினி வயிற்றிலிருந்து ஒரு கையை எடுத்து முன்னால் நீட்டினாள்.

"கோவமாத்தான்க்கா இருக்கு. ஆனா வேற டிரைவரா இருந்தா மெஷின் ரிப்பேர்னு சொல்லி தப்பிச்சிருப்பாங்க. போனை இங்க குடுங்க, வண்டிய எடுங்க."

அன்றிலிருந்து தினமும் வண்டி கிளம்புமுன் போன் தர்ஷினியின் பைக்குள் போனது. ஆனாலும் தர்ஷினி முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு, கண்ணை எடுக்காமல் ரோட்டையே பார்த்துவந்தாள். கண்ணாடியில் அதைப் பார்க்கும்போதெல்லாம் சுனிதாவுக்குச் சுருக்கென்றது. ஒழுங்காக ஓட்டினாள். பஸ்ஸின் மறைவிலிருந்து யார் குறுக்கே வருவார்கள், எந்த ஆட்டோ கை காட்டாமல் திரும்பும் என்று முன்கூட்டியே பார்த்தாள். பெரும்பாலும் அவள் பிரேக் போட்ட பிறகுதான் மாமியார் வாயைத் திறந்தாள். ஒருநாள் கொட்டும் மழையில், விளக்கில்லாத ஒரு பைக்கை மாமியார் முதலில் கண்டுபிடித்தாள். "நல்லாயிரு தாயே" என்று சுனிதா மனசாரச் சொன்னாள். துணைக்கு ஆள் வேண்டாம் என்று யார் சொன்னது?

பிரசவ லீவுக்கு முந்தின நாள், பொம்மனஹள்ளி நெருங்கும்போது தர்ஷினி கேட்டாள்.

"அக்கா, வலி வந்தா ஹாஸ்பிடலுக்கு நீங்கதான் கூட்டிட்டுப் போகணும். வருவீங்களா?"

சுனிதா ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே பதில் சொன்னாள்.

"எந்த நேரம்னாலும் வரேன் மா. ஆனா ஒண்ணு. அன்னிக்கு நீ ரோட்ட பாக்கக் கூடாது. கண்ண மூடிட்டு நிம்மதியா உக்காரணும். ரோட்ட நான் பாத்துக்கறேன்."

"அன்னிக்கு எதுக்குக்கா? இன்னிக்கே மூடிக்கிறேன்" என்று முன்சீட்டிலிருந்து கையை எடுத்துவிட்டுப் பின்னால் சாய்ந்தாள் தர்ஷினி. மேம்பாலம் ஏறுவதற்குள் தூங்கிப்போனாள்.