நரி முடி ஏன் நரைச்சுது

எங்க வூட்டு வாசப்படியில ஒரு சட்டம் உண்டு. டிராக்டர் ஓட்டிட்டு வர்ற எங்க வூட்டுக்காரரு, உள்ள கால் வெக்கறதுக்கு முன்னாடி தடுமாறாம சொல்லணும்: "ஓடுற நரியில ஒரு நரி கிழ நரி, கிழ நரி முதுகுல ஒரு முடி நரை முடி." கிருமாம்பாக்கத்துல எங்க தெருவுக்கு வர்ற வழியிலேயே சாராயக்கடை. நாக்கு உளறினா கதவு தொறக்காது. கல்யாணம் ஆன புதுசுல நான் போட்ட சட்டம் அது.

சரியா சொன்னாலும் விட மாட்டேன். "அந்த முடி ஏன்யா நரைச்சுது?"ன்னு கேப்பேன். தெனம் ஒரு பதில் வெச்சிருப்பாரு. "ரேஷன் கார்டுல பேரு சேக்க அலைஞ்சுது." "நரிக்கும் உன்னாட்டம் ஒருத்தி வாச்சா." நான் தொடப்பத்த எடுப்பேன், அவரு சிரிச்சுக்கிட்டே உள்ள பூந்துடுவாரு.

அன்னிக்கு ஞாயித்துக்கிழமை, பட்டப்பகல். சுவத்தப் புடிச்சுக்கிட்டே வந்து நின்னாரு. உள்ள இருந்தபடியே "சொல்லுய்யா"ன்னேன். "ஓது... நயி..." வாய் கொழகொழன்னுது. எனக்கு எங்கிருந்துதான் அவ்ளோ கோவம் வந்துச்சோ! "பகல்லயேவா? வெக்கமா இல்ல? அங்கியே கெட!" முகத்தக்கூடப் பாக்காம கதவச் சாத்தித் தாப்பாள் போட்டேன்.

ரெண்டு தரம் தட்டினாரு. நான் நெத்திலி கழுவினேன், புளி கரைச்சேன், தெருவுக்கே கேக்கற மாதிரி திட்டிக்கிட்டே கொழம்பக் கொதிக்க வெச்சேன். அப்புறம்தான் சத்தமே இல்லைன்னு ஒறைச்சுது. குடிச்சிருந்தா பாடுவாரு, இல்ல பதிலுக்குத் திட்டுவாரு. சும்மா இருக்க மாட்டாரு.

கதவத் தொறந்தா, சுவத்துல சாஞ்சு ஒக்காந்திருக்காரு. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கெடக்குது. வலது கை தொவண்டு தொங்குது. குனிஞ்சு வாய மோந்து பாத்தேன். வெத்தல வாசன மட்டுந்தான். சாராயமே இல்ல. அலறிக்கிட்டே தெருவுக்கு ஓடி ஆட்டோவப் புடிச்சேன்.

ஆஸ்பத்திரியில டாக்டரு மொதல்ல கேட்டதே, "எப்பம்மா ஆரம்பிச்சுது?"ன்னுதான். "இப்பதான் சார்"னு வாய் வரைக்கும் வந்துடுச்சு. நேரத்த மாத்திச் சொன்னா ஊசிய மாத்திப் போட்டுடுவாங்களோன்னு பயம். நெசத்தச் சொல்லவும் பயம். "அர மணி நேரத்துக்கு மேல இருக்கும் சார். நான்தான் கதவச் சாத்திட்டேன்." அவரு வேகமா உள்ள போனாரு. வெளிய நின்ன நான் கடவுள்கிட்ட கேக்கக்கூட யோக்கியத இல்லாம நின்னேன்.

உசுரு பொழைச்சாரு. கை இன்னும் வரல, பேச்சு துளித்துளியா வருது. மனப்பாடமா தெரிஞ்சத சொல்ல வெய்யுங்கன்னு பேச்சுப் பயிற்சி குடுக்கற பொண்ணு சொல்லுச்சு. அவருக்கு மனப்பாடமா தெரிஞ்சது இன்னான்னு எனக்குத் தெரியாதா? ஆனா அத மட்டும் கேக்கல. கெழமைங்களச் சொல்ல வெச்சேன், ஒண்ணு ரெண்டு எண்ண வெச்சேன்.

நேத்து அவரே ஆரம்பிச்சாரு. "ஓது... நயி..." அதே சத்தம். நாலு தரம் நின்னு நின்னு, நரை முடி வரைக்கும் வந்து சேந்துட்டாரு. அப்புறம் என்னையே பாத்தாரு. என் கேள்விக்குக் காத்திருக்காரு.

கேக்காம எழுந்து போயிடலாமான்னு இருந்துச்சு. "ஏன்யா நரைச்சுது?"ன்னு கேட்டுட்டேன்.

திக்கித் திணறி வந்துச்சு பதில். "கதவு... தொறக்கல."

சிரிக்கிறாரான்னு பாத்தேன். அவருக்கு வாய் ஒரு பக்கந்தான் அசையுது, எனக்குத் தெரியல.