முப்பத்தொன்றாம் ஆணி

ஏரிக்கரை டிரையத்லான் கிளப்பில் என் அக்காவைப் பல்லுக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். பல் எடுப்பாக இருப்பதால் அல்ல, பல் செய்கிறவள் என்பதால். ஒரு மருந்துக்கடையின் மாடியில் இரண்டு அறைகள் கொண்ட பட்டறையில் இருபது வருடமாக அந்த வேலைதான். பல் மருத்துவர்கள் அச்செடுத்து அனுப்பும் தாடைகள் அலமாரி முழுக்க வாய் பிளந்து உட்கார்ந்திருக்கும். மெழுகும் அச்சு மாவும் தேய்ப்புப் பொடியுமாக அக்காவின் முடியே எப்போதும் பாதி நரைத்த மாதிரி தெரியும். ஒவ்வொரு தாடையின் அடியிலும் ஒரு எண் சீட்டு கட்டியிருக்கும். கூட வேலை செய்தவர் ஒருமுறை ஒரு சீட்டைத் தொலைத்துவிட்டார். அக்கா ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. ஒருத்தர் பல்லை இன்னொருத்தர் வாயில் வைத்தால் யார் பதில் சொல்வது என்பது அவள் கேள்வி.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நடந்ததை நினைத்தால் எனக்கு இதுதான் முதலில் ஞாபகம் வருகிறது.

குனிந்தே வேலை செய்து நாற்பது வயதில் அவளுக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. சைக்கிள் ஓட்டுங்கள் என்றார் டாக்டர். மருந்துக்கடைச் சுவரில் சைக்கிள் படம் போட்ட ஒரு நோட்டீஸைப் பார்த்து, சைக்கிள் சங்கம் என்று நினைத்துப் போய்ச் சேர்ந்தாள். போன பிறகுதான் தெரிந்தது, முதலில் ஏரியில் நீந்த வேண்டும், பிறகுதான் சைக்கிள், அதற்கும் பிறகு ஓட்டம். மூன்றும் ஒரே நாளிலா என்று கேட்டாளாம். ஒரே மூச்சில் என்றார்களாம். அத்தான் லிஃப்ட் மெக்கானிக். அவர் சொன்னது வீட்டில் இன்னும் ஓடுகிறது: "நடுவுல நின்னுட்டா கதவைத் திறந்து தூக்கிவிட நான் அங்க இருக்க மாட்டேன், பாத்துக்க."

அவள் நடுவில்தான் நின்றாள். அதுவும் இரண்டு தடவை.

நீச்சல் குளத்தில் அவளுக்கு ஒரு கஷ்டமும் இல்லை. அடியில் ஓடு தெரியும், கோடு தெரியும். ஏரியில் கையை நீட்டினால் முழங்கைக்கு அந்தப் பக்கம் பச்சை இருட்டு. அதில் முகத்தை வைத்ததும் மூச்சு தொண்டையில் நின்றுவிடும் என்பாள். முதல் போட்டியில் இருநூறு மீட்டர் போனதும் கையைத் தூக்கினாள், படகு வந்து ஏற்றிக்கொண்டது. அடுத்ததில் இரண்டாவது மிதவை வரை போய்விட்டு அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். மறுபடியும் படகு. கிளப்பில் ஒரு விதி உண்டு. ஒரே வருடத்தில் மூன்று தடவை படகில் ஏறியவர் அடுத்த ஒரு வருடத்துக்கு ஏரியில் இறங்கக்கூடாது. போட்டியை முடித்தவர்கள் பட்டியலைக் கிளப்பின் கண்ணாடிக் கதவில் ஒட்டுவார்கள். மற்றவர்கள் கிளம்பிய பிறகு அக்கா அதன் முன்னால் நின்று மேலிருந்து கீழ்வரை படித்துக்கொண்டிருந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

நான் நாலு வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு அப்போதுதான் திரும்பி வந்து அவள் வீட்டுக் கூடத்தில் படுத்துக்கொண்டிருந்தேன். பை இன்னும் பிரிக்கப்படவில்லை. ஒரு இடத்தில் பத்து நிமிடம் உட்கார மாட்டாள் என்று என்னைப் பற்றி அத்தான் சொல்வார். அது பொய்யில்லை.

அதே வருடத்தின் மூன்றாவது போட்டிக்கு முந்தின நாள் கிளப் செயலாளர் அக்காவிடம், பலகைக்கு ஆள் இல்லை, உன் தங்கையை அனுப்ப முடியுமா என்று கேட்டார். செயலாளர் பள்ளியில் கணக்கு வாத்தியார். எல்லாவற்றையும் இரண்டு தடவை எண்ணுகிறவர்.

பலகை என்றால் கரையில் நிறுத்தியிருக்கும் ஒரு மரப்பலகை. அதில் நாற்பத்தாறு ஆணி, ஆணிக்குக் கீழே எண். தண்ணீரில் இறங்குகிறவர் தன் எண் போட்ட பிளாஸ்டிக் வில்லையை எடுத்து மணிக்கட்டில் மாட்டிக்கொள்ள வேண்டும். கரையேறியதும் அதைத் திரும்ப ஆணியில் மாட்டிவிட்டுத்தான் சைக்கிளைத் தொட வேண்டும். ஆணி காலி என்றால் ஆள் தண்ணீரில். அவ்வளவுதான் கணக்கு. நீந்தி வருகிறவர்களுக்குத் தலை சுற்றும், கால் பின்னும், வில்லை ஞாபகமே இருக்காது. அதனால் பக்கத்தில் ஒருவர் நின்று, மாட்டு, மாட்டு என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அது என் வேலை.

காலையில் போட்டி தொடங்கும் முன் நான் வாழைப்பழம் வாங்க வெளியே போய்விட்டு வந்தேன். வந்தபோது அக்கா ஏற்கெனவே ஆரஞ்சுத் தொப்பியை மாட்டியிருந்தாள். அவளுடைய சிவப்பு சைக்கிள் வரிசையில் நின்றது. அவள் கை சில்லென்று இருந்தது. முப்பத்தொன்றாம் ஆணியிலிருந்து வில்லையை எடுத்து மாட்டிக்கொண்டு, என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"இங்கயே நில்லு. எங்கயும் போயிடாத, என்ன?"

அத்தான் மாற்றுடை அறைக்குப் பின்னால், ஏரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மடியில் துண்டு. பார்க்க முடியாது, முடிந்ததும் வந்து சொல் என்றார்.

ஏழு மணிக்கு விசில். நாற்பத்தாறு ஆரஞ்சுத் தலைகள் தண்ணீரில் இறங்கின. எது யார் என்று ஐம்பது மீட்டருக்குப் பிறகு தெரியவில்லை. பன்னிரண்டு நிமிடத்தில் முதல் ஆள் வந்தார். மாட்டு என்றேன், மாட்டினார். அப்புறம் இரண்டு பேர், நாலு பேர். ஏழு இருபதுக்கு இரண்டாவது மிதவைக்குப் பக்கத்தில் ஒரு தொப்பி மட்டும் வரிசையை விட்டு விலகியது. அங்கேயே நின்றது. அல்லது நின்ற மாதிரி இருந்தது. போன தடவை அவள் நின்றது அங்கேதான்.

எனக்கு நிற்க முடியவில்லை. கரையோரமாகக் கொஞ்சம் போனால் முகம் தெரியும் என்று தோன்றியது. போனேன். நாணல் மறைத்தது. இன்னும் கொஞ்சம் போனேன். அந்தத் தொப்பி யாரோ ஒரு ஆண், கண்ணாடியைச் சரிசெய்துவிட்டு நீந்திப் போய்விட்டான். நான் திரும்பி ஓடி வந்தபோது ஏழு முப்பத்திரண்டு. செயலாளர் சைக்கிள் வரிசையில் ஹெல்மெட் வாரைப் பூட்டாத ஒருவரோடு வாதாடிக்கொண்டிருந்தார். பலகைக்குப் பக்கத்தில் யாருமில்லை. கடைசியாக மூன்று பேர் ஏறி வந்தார்கள். மாட்டினார்கள். ஏழு முப்பத்தைந்துக்கு நீச்சல் நேரம் முடிந்ததற்கான விசில்.

ஏரியில் ஒரு தலையும் இல்லை. முப்பத்தொன்றாம் ஆணி காலி.

படகுக்காரரைப் பார்த்தேன். இரண்டு தடவையும் அக்காவை ஏற்றியவர் அவர்தான். கையை விரித்தார். படகில் யாருமில்லை. செயலாளர் ஆணிகளை எண்ணினார், மறுபடி எண்ணினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீ இங்கதானே நின்னுட்டிருந்தே? முழு நேரமும்?"

"ஆமா" என்றேன்.

யோசித்துச் சொன்ன பொய் இல்லை அது. வாய் சொல்லிவிட்டது. ஆனால் அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டுதான் அடுத்த இருபத்தைந்து நிமிடமும் நடந்தது. கரையேறவில்லை என்றால் தண்ணீரில்தான் இருக்கிறாள். நீந்தத் தெரிந்த ஐந்து பேர் கைக்குக் கை எட்டுகிற தூரத்தில் வரிசையாக நடந்து இறங்கினார்கள். படகுக்காரர் இரண்டாவது மிதவைக்குப் பக்கத்தில் முங்கினார். மேலே வந்து தலையை ஆட்டிவிட்டு மறுபடி முங்கினார். ஒவ்வொரு தடவையும் அவர் உள்ளே இருக்கும் நேரம் எனக்கு நீண்டுகொண்டே போனது. நான் ஓடிப்போய் சைக்கிள் வரிசையைப் பார்த்தேன். சிவப்பு சைக்கிள் நின்ற இடத்திலேயே நின்றது. கைப்பிடியில் அவள் தொங்கவிட்ட ஹெல்மெட்டை மட்டும் காணவில்லை. அது ஏன் என்று யோசிக்கிற நிலையில் என் மூளை இல்லை.

அத்தானிடம் யார் சொன்னார்கள் என்று தெரியாது. துண்டோடு வந்தார். செயலாளரிடம் ஒன்றும் கேட்கவில்லை. பலகைக்குப் போய் ஒவ்வொரு ஆணியையும் விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். முப்பத்தொன்றில் விரல் நின்றது. பிறகு ஷூவோடு தண்ணீரில் இறங்கினார். அவருக்கு நீச்சல் தெரியாது. தொடை வரை போய் அங்கேயே நின்றார். துண்டு நனையாமல் இருக்க அதை மட்டும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தார்.

அதைப் பார்த்த பிறகு என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. செயலாளரின் கையைப் பிடித்து இழுத்தேன்.

"சார், நான் நிக்கல. நடுவுல போயிட்டேன். பன்னெண்டு நிமிஷம் இங்க இல்ல."

அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதப்போவதில்லை. உடனே போனை எடுத்தார். பத்தாவது கிலோமீட்டரில் சைக்கிள்கள் திரும்பும் இடத்தில் கிளப் உறுப்பினரான ஒரு நர்ஸ் நின்றிருந்தார். கணுக்கால் சுளுக்கு என்பதால் அன்றைக்கு அவர் போட்டியில் இல்லை. செயலாளர் போனை ஸ்பீக்கரில் போட்டார். முப்பத்தொன்று அந்தப் பக்கம் வந்ததா என்று கேட்கும்போது அவர் குரல் கணக்கு வாத்தியார் குரலாக இல்லை.

"யாரு, பல்லுக்காரியா?" என்றார் நர்ஸ். "இப்பத்தான் என் சைக்கிள்ல திரும்பிப் போறா. காலைல அவ சைக்கிள் பஞ்சர், நான்தான் என்னுதைக் குடுத்தேன். ஏன் சார்? நல்லாத்தான் இருக்கா. பாட்டுப் பாடிக்கிட்டுப் போறா."

 செயலாளர் ஏரியைப் பார்த்து விசிலை நீளமாக ஊதினார். அத்தானிடம் நான்தான் போய்ச் சொன்னேன். அவர் கரைக்கு வர மறுத்தார். வருகிறாள் என்றால் வரட்டும், பார்த்துவிட்டு ஏறுகிறேன் என்றார்.

அக்கா எட்டரைக்கு வந்தாள். வளைவில் திரும்பும்போதே சிரிப்பு தெரிந்தது. நாற்பத்து மூன்று வயதில் அவளை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. சைக்கிளிலிருந்து இறங்கிய பிறகுதான் கரையில் நனைந்து நிற்கிறவர்கள் கண்ணில் பட்டார்கள். போர்வைக்குள் உதடு நீலமாகி உட்கார்ந்திருந்த படகுக்காரர். தொடை வரை ஈரமாக, அப்போதுதான் கரையேறிய அத்தான். யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்டாள்.  செயலாளர் அவளுடைய மணிக்கட்டைக் காட்டினார்.

வில்லை அங்கேயே ஆடிக்கொண்டிருந்தது.

அவள் புரிந்துகொள்ள எடுத்துக்கொண்ட நேரம் அதிகமில்லை. சிரிப்பு மெதுவாகத்தான் இறங்கியது. படகுக்காரர் முன்னால் போய் நின்றாள்.

"ரெண்டு தடவையும் நீங்கதானே மாட்டினீங்க" என்றாள். "நான் இதை ஒரு நாளும் மாட்டினதே இல்லைங்க. வெளியே வந்தேன், கால் தரையில பட்டுது, அதுக்கப்புறம் எனக்கு ஒண்ணுமே தோணல."

உண்மைதான். படகில் வருகிறவரின் வில்லையைப் படகுக்காரரே கழற்றி மாட்டிவிடுவார். நீந்தி முடித்து, தன் காலால் நடந்து அந்தப் பலகையைக் கடந்தது அவளுக்கு அன்றுதான் முதல் தடவை.

"அதுக்காக மூணாவது தடவையும் நானே மாட்டணுமா?" என்றார் அவர். பல் தந்தியடித்தது. "ஒன்பது தடவை முங்கினேன், தாயே."

சீட்டு தொலைத்தவரோடு ஒரு வாரம் பேசாதவள் தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு பலகைக்குப் போய் முப்பத்தொன்றாம் ஆணியில் வில்லையை மாட்டினாள். அது ஆடி நிற்கும் வரை அதன் மேல் கையை வைத்திருந்தாள்.

செயலாளர் விதியைச் சொன்னார். வில்லையை மாட்டாமல் போனவர் போட்டியில் இல்லை. பட்டியலில் பெயர் வராது. படகில் ஏறாததால் ஏரிக்குத் தடையும் இல்லை, அடுத்த போட்டியில் இறங்கலாம். ஓட வேண்டுமென்றால் ஓடலாம், யாரும் மறிக்க மாட்டோம், ஆனால் நேரம் குறிக்கமாட்டோம். அவர் கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் கேட்கக் கஷ்டமாக இருந்தது. தவறு என்னுடையதும்தான் என்று நான் ஆரம்பித்தேன். அக்கா கையைக் காட்டி நிறுத்தினாள்.

ஓட்டப்பாதை எங்களுக்குப் பக்கத்தில்தான் போகிறது. கடந்துபோன ஒருவர், பல்லுக்காரி ஓடலையா என்று கேட்டுக்கொண்டே போனார். அவள் பாதையைப் பார்த்தாள், அத்தானின் பேன்ட்டைப் பார்த்தாள். போய் அவர் பக்கத்தில் புல்லில் உட்கார்ந்து, அவருடைய ஷூவைக் கழற்றித் தண்ணீரைக் கொட்டினாள். காலுறையைப் பிழிந்தாள். 

"நான் வெளியே வந்ததை நீ பாத்தியா?" என்று என்னைக் கேட்டாள்.

"இல்லக்கா."

"நீங்க?"

அத்தான் இல்லை என்று தலையசைத்தார். செயலாளரைப் பார்த்தாள், படகுக்காரரைப் பார்த்தாள். அவர்களும் பார்க்கவில்லை. அத்தனை பேர் நின்ற கரையில் ஒருவர்கூடப் பார்க்கவில்லை. அன்று காலையில் அவள் முகம் கலங்கியது அப்போதுதான். பட்டியலில் பெயர் வராது என்று சொன்னபோதுகூட இல்லை.

அத்தான் அதுவரை நனையாமல் காப்பாற்றி வைத்திருந்த துண்டை அவள் தோளில் போட்டார். 

"சரி, இப்ப சொல்லு. எப்படி வந்தே?"

அவள் மூக்கை உறிஞ்சினாள். "பல்லை எண்ணிக்கிட்டு வந்தேன்."

"என்னது?"

"ஒரு கை வீச்சுக்கு ஒரு பல்லு. மேல் வரிசை வலது கடைவாயில ஆரம்பிச்சு, ஒவ்வொண்ணா, கீழ் வரிசை முடியறவரைக்கும். முப்பத்திரெண்டு ஆனா ஒரு வாய். அடியில என்ன இருக்குன்னு பாக்கவே நேரமில்ல."

படகுக்காரர் போர்வையோடு எழுந்து வந்து எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டாவது மிதவையிடம் என்ன செய்தாய் என்று அவர்தான் கேட்டார். அவசரப்படாதீங்க, வரிசையா சொல்றேன் என்றாள். நான் எழுந்திருக்கவில்லை.

"முதல் மிதவை வரைக்கும் பதினோரு வாய்" என்று அக்கா ஆரம்பித்தாள்.